ஒரு நாள்தான் கையில் இருந்தால் எந்தப் பஸ்ஸில் ஏறுவது?

மாமாவும் அத்தையும் போன அக்டோபரில் எடின்பரோ வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராமில் உட்கார்ந்ததுமே மாமா கேட்டார், "அந்தப் பூதம் இருக்கிற ஏரிக்கு எப்போடா கூட்டிட்டுப் போறே?" அவர்கள் கையில் இருந்தது நாலு நாள். இரண்டு நாள் ஊருக்குள்ளேயே கோட்டை, அரண்மனை என்று கரைந்துவிடும். ஒரு நாள் அத்தைக்குக் கடைவீதி. மிச்சம் ஒரே நாள்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நாலு வருஷமாக இங்கே இருக்கிறேன், வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களோடு ஏறி இறங்கியதில், காலையில் எடின்பரோவிலிருந்து கிளம்பி இரவு திரும்பும் சுற்றுலாப் பஸ்களின் முக்கியமான தடங்களைப் பார்த்துவிட்டேன். சிலதை இரண்டு தடவை. வடக்கே க்ளென்கோ பள்ளத்தாக்கு வழியாக லாக் நெஸ் ஏரி. மேற்கே ஸ்டர்லிங் கோட்டையும் லாக் லோமண்ட் ஏரியும். ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டி ஃபைஃப் பகுதியும் செயின்ட் ஆண்ட்ரூஸும். தெற்கே ராஸ்லின் தேவாலயமும் எல்லைப்புற மடாலயங்களும். "எல்லாமே நல்லா இருக்கும்" என்று சொல்லி அனுப்புவது சுலபம். ஆனால் ஒரே நாள் இருப்பவருக்கு அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

முதலில் விளம்பரத் துண்டுச்சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே சீட்டில் எட்டு இடங்களின் பெயர் இருக்கும். எட்டும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றை ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். சில இடங்களில் இறங்கி, ஒரு படம் எடுத்து, கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் கதவு மூடிவிடும். உண்மையிலேயே நின்று பார்க்கிற இடம் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதனால் நான் எண்ணுவது இடங்களை இல்லை, இருக்கையில் கழியும் மணி நேரத்தை. ஒரு நாள் பயணத்தில் பஸ்ஸுக்கு வெளியே எத்தனை மணி நேரம் கிடைக்கும்? இதைக் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாமா கேட்ட லாக் நெஸ்ஸிலிருந்தே தொடங்கலாம். காலை எட்டு மணிக்குக் கிளம்பும் பஸ், திரும்பி வர இரவு எட்டாகும். போன வருஷம் சித்தியோடு போனபோது கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். 12 மணி நேரத்தில் எட்டேகால் மணி நேரம் இருக்கையில். க்ளென்கோவில் இருபது நிமிஷம். ஏரிக்கரையில் உள்ள ஃபோர்ட் அகஸ்டஸில் ஒன்றே முக்கால் மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் படகு. மிச்சமெல்லாம் சாப்பாடு, கழிப்பறை. லாக் லோமண்ட் கரையை ஒட்டிப் போகும் சாலையின் வடபகுதி குறுகலானது, வளைந்து வளைந்து போகும். சித்தி பாதி வழியில் கண்ணை மூடியவர் ஃபோர்ட் வில்லியம் வரை திறக்கவே இல்லை. பஸ் வளைவில் குமட்டல் வருபவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வழியில் போட்டால் பலனில்லை.

ஏரி எப்படி? பெரியது. சுமார் 37 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரிகளின் தண்ணீரையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. சுற்றியுள்ள மலைகளின் கரிமண் கலந்து தண்ணீர் கஷாயம் மாதிரிக் கறுத்திருக்கும். கையை விட்டால் முழங்கை தெரியாது. பூதத்தின் கதை இப்போதைய வடிவில் கிளம்பியது 1933இல். அடுத்த வருஷம் பத்திரிகையில் வந்து உலகத்தையே நம்ப வைத்த அந்த நீண்ட கழுத்துப் படம், பொம்மை நீர்மூழ்கியில் தலையை ஒட்டவைத்து எடுத்தது என்று 1994இல் வெளியே வந்தது. படகில் இதையும் சொல்லிவிட்டு, சோனார் திரையையும் காட்டுவார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே திரையைப் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன்.

என்னைக் கேட்டால் அந்தத் தடத்தின் மதிப்பு ஏரியில் இல்லை, க்ளென்கோவில் இருக்கிறது. 1692ஆம் வருஷம். மன்னர் வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க ஜனவரி 1 கெடு. க்ளென்கோவில் இருந்த மக்டொனால்டு குலத்தின் தலைவர் கடைசி நேரத்தில் கிளம்பினார். ஃபோர்ட் வில்லியமில் இருந்த அதிகாரி, "இதை வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரமில்லை, இன்வெரரிக்குப் போங்கள்" என்று திருப்பிவிட்டார். பனியில் அங்கே போய்ச் சேர்வதற்குள் கெடு தாண்டிவிட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் சுமார் 120 அரசுச் சிப்பாய்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து தங்கினார்கள். விருந்தாளிகளாக வீட்டுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டு சோறு போட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் சாப்பிட்டவர்கள், 13ஆம் தேதி விடிவதற்கு முன் எழுந்து, சோறு போட்டவர்களைக் கொன்றார்கள். செத்தவர்கள் சுமார் 38 பேர். தப்பி மலையேறியவர்களில் பலர் பனியில் போனார்கள். படைக்குத் தலைமை தாங்கியவர் கேம்பல் குலத்துக்காரர். அங்கே ஒரு விடுதியின் வரவேற்பு மேஜையில் 'கூவி விற்பவர்களுக்கும் கேம்பல்களுக்கும் அனுமதியில்லை' என்று இன்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி விளையாட்டுதான், இருந்தாலும் அதை எடுக்கவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மூன்று பாறை முகடுகள் அடுத்தடுத்து நிற்க, மேகம் பாதி மலைக்கு இறங்கியிருக்க, கைடு சொல்லி முடித்ததும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஆனால் அங்கே நிற்கக் கிடைத்தது இருபது நிமிஷம். அதற்காக எட்டேகால் மணி நேரம் உட்காரத் தயாரா என்பதுதான் கேள்வி. ஜூன், ஜூலையில் இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும்போது போகலாம். டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், திரும்பும் வழியெல்லாம் கண்ணாடியில் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவீர்கள். இரண்டு நாள் இருந்தால் வடக்கே ஓர் இரவு தங்கிப் பாருங்கள், அது வேறு அனுபவம்.

அடுத்தது ஸ்டர்லிங். ஸ்காட்லாந்தின் வரலாறு ஒரே ஊரில் வேண்டுமென்றால் இதுதான். வடக்கையும் தெற்கையும் சேர்க்கும் இடுப்பு மாதிரியான இடம். ஃபோர்த் ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் இங்கேதான் வர வேண்டும். அதனால் அடித்துக்கொண்டதெல்லாம் இங்கேயே. கோட்டை மதிலிலிருந்து பார்த்தால் ஆறு பாம்பு மாதிரி வளைவது தெரியும். அங்கேதான் 1297 செப்டம்பர் 11 அன்று வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மொரேயும் ஆங்கிலேயப் படையை மடக்கினார்கள். மரப்பாலத்தில் இரண்டு குதிரைக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாது. பாதிப் படை கடக்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் இறங்கி வெட்டினார்கள். மிச்சப் பாதி அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே குன்றின் மேல் நிற்கும் வாலஸ் நினைவுக் கோபுரம் 1869இல் திறந்தது, 246 படி, சுழல் படிக்கட்டு. மூட்டுவலிக்காரர்கள் கீழேயிருந்தே வணக்கம் போட்டுவிடலாம். தெற்கே பேனக்பர்ன். 1314இல் ராபர்ட் புரூஸ் இரண்டாம் எட்வர்டின் படையை விரட்டிய களம்.

கோட்டைக்குள் எனக்குப் பிடித்தது பெரிய மண்டபமும் இல்லை, அரண்மனைக் கூரையில் பதித்திருக்கும் மரத் தலைகளும் இல்லை. ஒரு சின்னத் தோட்டம். 1452இல் இரண்டாம் ஜேம்ஸ், டக்ளஸ் பிரபுவை "உன் உயிருக்கு நான் பொறுப்பு" என்று கடிதம் கொடுத்து விருந்துக்கு அழைத்தார். பேச்சு முற்றி, அரசரே கத்தியை எடுத்தார். உடலில் 26 குத்து. ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார்கள். விழுந்த இடத்துக்கு டக்ளஸ் தோட்டம் என்று பெயர். இப்போது அங்கே புல்லும் ஒரு பெஞ்சும் இருக்கின்றன. ஒரு குடும்பம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு கதை சிரிப்புக் கதை. 1507இல் ஜான் டேமியன் என்கிற ரசவாதி, இறகு கட்டிக்கொண்டு இந்த மதிலிலிருந்து ஃபிரான்ஸுக்குப் பறப்பேன் என்று குதித்தாராம். நேரே கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கழுகு இறகோடு கோழி இறகைக் கலந்துவிட்டார்கள், கோழிக்குக் குப்பைமேட்டின் மேல்தானே ஆசை என்று காரணம் சொன்னாராம்.

சரி, இவ்வளவு நல்ல இடத்துக்குச் சுற்றுலாப் பஸ் வேண்டுமா? வேண்டாம் என்பேன். இந்த ஒரு தடத்தை மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போவது மேல். எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ஸ்டர்லிங் சுமார் ஐம்பது நிமிஷம். நிலையத்திலிருந்து கோட்டைக்கு இருபது நிமிஷ ஏற்றம், முடியாதவர்களுக்கு டாக்சி. டன்பிளேன் போகும் ரயில்கள் வழியில் லின்லித்கோவிலும் நிற்கும். அங்கே இறங்கினால் ஐந்து நிமிஷ நடையில் கூரையில்லாத அரண்மனை. 1542 டிசம்பர் 8 அன்று ஸ்காட்லாந்து அரசி மேரி பிறந்த வீடு. பிறந்த ஆறாம் நாள் அப்பா போய்ச் சேர, குழந்தை அரசியானது. ஒன்பது மாதத்தில் ஸ்டர்லிங் கோட்டையில் முடிசூட்டினார்கள். பிறந்த இடத்தைக் காலையிலும் முடிசூட்டிய இடத்தை மதியத்திலும் ஒரே தண்டவாளத்தில் பார்த்துவிடலாம். எந்தச் சுற்றுலாவும் இவ்வளவு வசதியாக அமையாது.

பஸ்ஸில் போனதன் வலியையும் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு நான் போன சுற்றுலாவில் கோட்டைக்கு இரண்டு மணி நேரம் என்று அச்சடித்திருந்தது. காலையில் ஏரிக்கரையில் தாமதம், நெடுஞ்சாலையில் நெரிசல், வந்து சேரும்போது மூன்றரை. கைடு மன்னிப்புக் கேட்டபடி, "ஐம்பது நிமிஷத்தில் எல்லாரும் பஸ்ஸில் இருக்க வேண்டும்" என்றார். நுழைவுச்சீட்டு வரிசையிலேயே பத்து நிமிஷம் போனது. நண்பரின் மகன் பழைய சமையலறையில் பொம்மைகளைப் பார்த்து நின்றுவிட, அவனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தோம். டக்ளஸ் தோட்டத்தை அன்று நாங்கள் பார்க்கவே இல்லை. கைடு மேல் தப்பில்லை, நாலு இடத்தை ஒரு நாளில் திணித்தால் கடைசி இடம்தான் அடிவாங்கும். அதனால் பஸ்ஸில்தான் ஸ்டர்லிங் என்றால், கோட்டைக்குக் காலையில் முதலில் போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள்.

ரயிலில் இல்லாதது ஒன்று உண்டு: பேச்சு. நல்ல கைடு கிடைத்தால் வெறும் வயல்கூட போர்க்களமாக எழுந்து நிற்கும். மோசமான கைடு கிடைத்தால் அதே நகைச்சுவைத் துணுக்கை ஒலிபெருக்கியில் எட்டு மணி நேரம் கேட்க வேண்டும். இது அதிர்ஷ்டம்தான். ஆனால் 16 பேர் வண்டியில் கேள்வி கேட்க முடியும், ஐம்பது பேர் பஸ்ஸில் முடியாது. பெரிய பஸ்ஸில் சிலவற்றில் கழிப்பறை உண்டு, இடமும் தாராளம், விலையும் குறைவு. சின்ன வண்டி குறுகிய தெருவுக்குள் நுழையும், ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் நின்று படம் எடுக்கவும் விடுவார்கள். வயதானவர்களோடு போனால் ஏறும் படி எவ்வளவு உயரம் என்று பாருங்கள், சின்ன வண்டிகளில் அது செங்குத்தாக இருக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே ஏற்றாத நிறுவனங்கள் நிறைய.

மாமாவுக்கு நான் சொன்னது ஃபைஃப். அவர் முகம் சுருங்கியது. பெயரே கேள்விப்படாத ஊருக்கு எதற்கு? என் காரணம் எளிது. அங்கே உள்ள ஊர்கள் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கின்றன, பல ஊருக்கு ரயிலே கிடையாது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். உள்ளூர் பஸ்ஸில் மூன்று ஊர் பார்க்க நினைத்தால் நாளில் பாதி நிறுத்தத்தில் நின்றே போகும். சுற்றுலா வண்டிக்குக் கொடுக்கும் காசுக்கு நியாயம் இங்கேதான். ஊருக்கு ஊர் அரை மணி, முக்கால் மணி தூரம். நாங்கள் போன அன்று இருக்கையில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் கீழே.

எடின்பரோவை விட்டு வெளியேறியதும் குவீன்ஸ்ஃபெரியில் முதல் நிறுத்தம். எதிரே சிவப்பு ரயில் பாலம். 1879இல் டே ஆற்றுப் பாலம் புயலில் ரயிலோடு சேர்ந்து விழுந்தது. அந்தப் பயத்தில் இதை யானைக்கால் மாதிரிக் கட்டினார்கள். 1890இல் திறந்தது, இன்னும் ரயில் ஓடுகிறது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலேயே 1964இன் தொங்குபாலம், அதற்கப்பால் 2017இன் புதுப் பாலம். நூற்றாண்டுக்கு ஒன்று என்று மூன்றும் வரிசையாக நிற்கும். அத்தை நிறைய படம் எடுத்தது இங்கேதான்.

அப்புறம் ஆன்ஸ்ட்ரதர் என்கிற மீன்பிடி ஊர். எழுத்து ஒன்று, உள்ளூர்க்காரர் வாயில் 'ஏன்ஸ்டர்' என்று வரும். மீனும் சிப்ஸும் இங்கே பேர்போனது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கரையோரக் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று வாங்கிவிடாதீர்கள், எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அத்தை கேட்டார், ஆமாம் என்றார்கள். பக்கத்துக் கஃபேயில் பருப்பு சூப்பும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் சாப்பிட்டார். உப்பும் மிளகும் போட்டால் நம் பருப்புக் கடையலுக்குத் தூரத்துச் சொந்தம்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் மூன்று மணி நேரம் விட்டார்கள். கோல்ஃப் ஊர் என்று உலகத்துக்குத் தெரியும். பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயோடு நடப்பார்கள், நீங்களும் நடக்கலாம். ஆனால் எனக்கு அந்த ஊர் அதன் இடிபாடுகளால்தான் பிடிக்கும். 1158இல் கட்டத் தொடங்கிய தேவாலயம், 1318இல் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்தார்கள். கட்டி முடிக்க 160 வருஷம். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய கோயிலை 1559இல் மதச் சீர்திருத்தக் கூட்டம் புகுந்து சூறையாடியது. பிறகு ஊர்க்காரர்கள் வீடு கட்டக் கல் எடுத்துப் போனார்கள். இப்போது கிழக்குச் சுவர் இரண்டு கூம்போடு, நடுவில் வானத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது.

இரண்டு தெரு தள்ளிக் கடலோரம் கோட்டை. ஜார்ஜ் விஷார்ட் என்ற பிரசங்கியைக் கார்டினல் பீட்டன் எரித்தார். பழிக்குப் பழியாக 1546இல் மதச் சீர்திருத்தக்காரர்கள் கார்டினலைக் கொன்று கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அரசுப் படை வெளியே இருந்து பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டியது. உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டு எதிர்ச் சுரங்கம் வெட்டினார்கள். இரண்டு மூன்று தடவை திசை தப்பியது, அந்த முட்டுச்சந்துகள் இன்னும் இருக்கின்றன. கடைசியில் இரண்டும் சந்தித்த இடத்தில் இப்போது ஒரு இரும்பு ஏணி. எதிர்ச் சுரங்கம் அவசரத்தில் வெட்டியது, குனிந்தே போக வேண்டும். மாமா முதுகை வளைத்து, ஒரு கையால் ஈரப் பாறையைத் தடவிக்கொண்டே போனார். "இதை உளியாலயா வெட்டினான்?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. பூதம் அப்போதே பாதி மறந்துவிட்டது.

முழுக்க மறந்தது சவுத் ஸ்ட்ரீட்டில். இடிந்த சின்ன தேவாலயம் ஒன்றுக்குப் பின்னால் ஒரு பழைய கல் கட்டடம். "இதுதான் மெட்ராஸ் காலேஜ்" என்றேன். மாமா நின்றுவிட்டார். ஆண்ட்ரூ பெல் இந்த ஊரில் 1753இல் பிறந்தவர். 1787இல் சென்னைக்குப் போய், எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பாளர் ஆனார். நம்மூர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்திருக்கிறார். அதைப் பள்ளியில் செய்யச் சொன்னபோது வாத்தியார்கள் முறுக்கிக்கொண்டார்கள். கொஞ்சம் தெரிந்த ஒரு பையனைப் பிடித்து, தெரியாத பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான், வேறென்ன. இங்கிலாந்துக்குத் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனின் ஏழைப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் 1830களில் சொந்த ஊரில் எழுந்ததுதான் மெட்ராஸ் காலேஜ். பள்ளி 2021இல் ஊரின் ஓரத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது, பெயர் அதேதான். எந்தத் துண்டுச்சீட்டிலும் இது இருக்காது, எங்கள் கைடுக்கும் தெரியவில்லை. மாமா அவருக்கு வகுப்பெடுத்தார்.

பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டேன். 1413இல் தொடங்கியது. வாசல் நடைபாதையில் கல்லால் இரண்டு எழுத்து பதித்திருக்கும், 1528இல் அந்த இடத்தில் எரிக்கப்பட்ட பேட்ரிக் ஹாமில்டனின் தலைப்பெழுத்து. மாணவர்கள் அதை மிதிக்க மாட்டார்கள், மிதித்தால் பரீட்சையில் கோட் அடிப்பார்களாம். தெரியாமல் மிதித்தவர்களுக்குப் பரிகாரம் மே முதல் தேதி விடியற்காலையில் வட கடலில் முங்குவது. நம் ஊர்ப் பரிகாரங்களில் இவ்வளவு குளிர் கிடையாது.

ஃபைஃப் வண்டிகளில் சில ஃபால்க்லாண்ட் அரண்மனையையும் சேர்க்கும். 1539இல் கட்டிய டென்னிஸ் கூடம் அங்கே உண்டு, உலகில் இன்னும் ஆடப்படுகிறவற்றில் மிகப் பழையது. வேறு சில, தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்பு இடங்களைக் கோத்து ஓடும். அவற்றில் கூரஸ் என்ற ஊர் வரும். எழுத்துக் கூட்டிக் 'கல்ராஸ்' என்று கேட்டால் வழி சொல்ல மாட்டார்கள். கருங்கல் பாவிய சந்து, காவி பூசிய மாளிகை. அந்த மாளிகைக்காரர் ஜார்ஜ் புரூஸ், 1590களில் கழிமுகத்தின் அடியிலேயே நிலக்கரிச் சுரங்கம் வெட்டியவர். 1617இல் பார்க்க வந்த மன்னர் ஜேம்ஸ், கரையில் இறங்கி உள்ளே நடந்து மறுமுனையில் மேலே வந்தபோது சுற்றிலும் கடல். கொல்லப் பார்க்கிறார்கள் என்று "துரோகம்!" எனக் கூவினாராம். தொடரைப் பார்க்காதவர்களும் இந்த வண்டியில் தாராளமாக ஏறலாம், ஊர்கள் தொடரை நம்பி இல்லை.

தெற்குத் தடத்தை இரண்டாவது தடவை வருபவர்களுக்கு வைத்திருக்கிறேன். ராஸ்லின் தேவாலயம் 1446இல் தொடங்கியது, உள்ளே செதுக்காத இடமே இல்லை. நம் கோயில் தூண்களைப் பார்த்த கண்ணுக்கு அளவு சின்னதாகத் தோன்றும், ஆனால் மாணவன் செதுக்கியதைப் பொறாமையில் பார்த்துக் குரு அவனை அடித்துக் கொன்ற தூணின் கதை நமக்குப் பழக்கமான ஜாதி. எடின்பரோ டவுன் பஸ்ஸிலேயே ராஸ்லினுக்குப் போய்விடலாம், அதற்கு மட்டும் சுற்றுலா தேவையில்லை. மெல்ரோஸ் மடாலயத்தில் ராபர்ட் புரூஸின் இதயம் புதைந்திருக்கிறது, உடம்பு டன்ஃபர்ம்லினில். மடாலயக் கூரையோரத்தில் பேக்பைப் ஊதும் பன்றிச் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல வேலை. அமைதியான நாள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு என்றும் சொல்லலாம்.

நாலு பேர் இருந்தால் வாடகைக் கார் மலிவு என்று ஒருவர் சொல்வார். கணக்கு சரிதான். இந்திய உரிமத்தில் ஒரு வருஷம் வரை ஓட்டலாம், நம் ஊர் மாதிரியே இடது பக்கம். ஆனால் ஓட்டுகிறவர் ஒன்றும் பார்க்க மாட்டார். ஃபைஃபில் பரவாயில்லை. வடக்கே ஒற்றைத் தடச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் தேடிப் பின்னால் எடுக்க வேண்டும். விஸ்கி வடிசாலையில் ஒரு வாய் ருசி பார்க்கும் எண்ணம் இருந்தால் காரை மறந்துவிடுங்கள், குடித்து ஓட்டுவதற்கான வரம்பு இங்கே இங்கிலாந்தைவிடக் கடுமை.

சில்லறை விஷயங்கள். சுற்றுலாக் கட்டணத்தில் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு சேராது. ஸ்டர்லிங், லின்லித்கோ, மெல்ரோஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையும் தேவாலயமும் ஒரே அரசு அமைப்பின் கையில், அவர்களுடைய பாஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். ஃபால்க்லாண்டும் கூரஸும் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கையில், அந்தப் பாஸ் இங்கே செல்லாது. ராஸ்லின் தனி. குளிர்காலத்தில் நேஷனல் டிரஸ்ட் மாளிகைகள் பல மூடிக் கிடக்கும். பழைய சுவர்களைப் பரிசோதிக்க என்று இடிபாடுகளில் பாதியை அடைத்து வைப்பதும் உண்டு, முந்தின நாள் இணையத்தில் பார்த்துவிடுங்கள். கோடையில் மேற்கு மலைப்பக்கம் போனால் 'மிட்ஜ்' என்ற பொடிக்கொசு மொய்க்கும், கிழக்கே ஃபைஃப் கடற்காற்றில் அந்தத் தொல்லை இல்லை. குடை கொண்டுபோகாதீர்கள், காற்று பிடுங்கிக்கொள்ளும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு போதும். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

இருக்கை எண் தராத வண்டிதான் அதிகம், பத்து நிமிஷம் முன்னால் போனால் ஜன்னல் உங்களுக்கு. க்ளென்கோ வழியாக வடக்கே போகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள், மூன்று முகடும் அந்தப் பக்கம்தான். ஃபைஃபுக்குப் போகும்போது வலது பக்கம், திரும்பும்போது இடது. மாலையில் நாங்கள் பாலத்தைக் கடக்கும்போது சிவப்புப் பாலத்தில் விளக்கெரிய ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அத்தை என்னைத் தட்டிக் காட்டினார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார், முழங்காலில் சுரங்கத்துச் சேறு.